சர்வர் பாதியில் ரீபூட் ஆனால் மிச்ச வேலையை யார் முடிப்பது? கொல்லிமலைக்கு இது ஏன் பெரிய கேள்வி?

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலைக்கு காரவள்ளி வழியாகப் போகிறவர்கள் 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்ட வேண்டும். சுற்றுலா வருபவர்களுக்கு அது வீடியோ எடுக்கும் இடம். ஆனால் மேலே ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முடங்கிப்போனால், அதைச் சரிசெய்ய கீழே இருந்து கிளம்பும் டெக்னீஷியனுக்கும் அதே 70 வளைவுகள்தான்.

அவர் வரும் வரை கவுன்ட்டரில் சொல்லப்படும் பதில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: "சர்வர் டவுன், நாளைக்கு வாங்க."

இந்த ஒரு வரிக்குப் பின்னால் பல காரணங்கள் இருக்கலாம். ஃபைபர் கேபிள் அறுந்திருக்கலாம், சென்னையில் உள்ள சர்வரில் கூட்டம் அதிகமாக இருக்கலாம், கரண்ட் போயிருக்கலாம். அதிகம் பேசப்படாத காரணம் ஒன்றும் உண்டு. ஒரு மெஷினில் தானாக ஓடிக்கொண்டிருந்த செட்டப் வேலை, நடுவில் ரீபூட் ஆனதும், எங்கே விட்டோம் என்று தெரியாமல் அப்படியே நின்றுபோவது.

கேட்க சின்ன விஷயமாக இருக்கலாம். ஆனால் 2024-ல் உலகம் முழுக்க விமானங்களை நிறுத்திய சம்பவத்திலும் கடைசியில் மிஞ்சியது கிட்டத்தட்ட இதே கேள்விதான்: ரீபூட் ஆன மெஷின், மனிதர் உதவி இல்லாமல் வேலையைத் தொடருமா?

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

இரண்டு காரணங்கள் இருக்கின்றன.

ஒன்று, விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்திவிட்டது. அந்த மெஷின்களை வைத்திருக்கும் அலுவலகங்களுக்கு மூன்று வழிகள்தான். புதிய விண்டோஸுக்கு மாற வேண்டும், கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேர வேண்டும், அல்லது வேறு சிஸ்டத்துக்குப் போக வேண்டும். எப்படி மாறினாலும் மெஷினை முதலில் இருந்து தயார் செய்யும் வேலை வரும். ஆயிரக்கணக்கான மெஷின்களுக்கு யாரும் ஒவ்வொன்றாக உட்கார்ந்து கிளிக் செய்ய மாட்டார்கள். அதற்கு ஸ்கிரிப்ட் எழுதுவார்கள்.

இரண்டு, பாரத்நெட். 2011-ல் வேறு பெயரில் ஒப்புதல் பெற்ற இந்தத் திட்டத்தின் திருத்தப்பட்ட வடிவத்துக்கு மத்திய அமைச்சரவை 2023 ஆகஸ்ட்டில் சுமார் 1.39 லட்சம் கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் கொடுத்தது. தமிழ்நாட்டில் டான்ஃபிநெட் என்ற அரசு நிறுவனம் மூலம் 12,525 கிராம ஊராட்சிகளை ஃபைபரில் இணைப்பது இலக்கு. கொல்லிமலை ஒன்றியத்தில் மட்டும் வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, குண்டூர் நாடு என 'நாடு' என்று பெயர் முடியும் 14 ஊராட்சிகள் இருக்கின்றன.

கேபிள் போனால் மட்டும் போதாது. அதன் முனையில் பெட்டிகள், ரவுட்டர்கள், கம்ப்யூட்டர்கள் வரும். அவை ஒவ்வொன்றும் செட்டப் ஆக வேண்டும், அப்டேட் ஆக வேண்டும், அவ்வப்போது ரீபூட்டும் ஆக வேண்டும். இதெல்லாம் ஆள் இல்லாத இடத்தில் நடக்கப் போகிறது.

செட்டப் ஸ்கிரிப்ட் அப்படின்னா என்ன?

புது சர்வர் வாங்கினால் அதில் செய்ய வேண்டிய வேலைகள் ஒரு பட்டியல் அளவுக்கு இருக்கும். பெயர் வைக்க வேண்டும், பாதுகாப்பு அப்டேட் போட வேண்டும், டிரைவர் போட வேண்டும், பயனர் கணக்குகளை உருவாக்க வேண்டும், தேவையான மென்பொருளை நிறுவ வேண்டும், கடைசியில் சேவையை ஆரம்பித்து வைக்க வேண்டும்.

இந்தப் பட்டியலைக் கம்ப்யூட்டருக்குப் புரியும் கட்டளைகளாக வரிசையாக எழுதி ஒரு ஃபைலில் வைத்தால் அதுதான் செட்டப் ஸ்கிரிப்ட். ஒருமுறை ஓடவிட்டால் மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரியாகச் செய்து முடிக்கும். ஒரு மெஷினுக்கு எழுதியதை ஆயிரம் மெஷினிலும் ஓடவிடலாம். மனிதர் செய்தால் வரும் மறதியும் தவறும் குறையும்.

இதில் சிக்கல் வருவது நடுவில் ஒரு ரீபூட் தேவைப்படும்போதுதான்.

நடுவில் ஏன் ரீபூட் ஆகணும்?

ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதிக்கு கர்னல் என்று பெயர். மெஷின் ஆன் ஆகும்போது கர்னல் நினைவகத்தில் ஏறி உட்கார்ந்துவிடும். புதிய கர்னலை டிஸ்க்கில் நிறுவினாலும், பழையதுதான் ஓடிக்கொண்டிருக்கும். மெஷினை நிறுத்திவிட்டு ஆரம்பித்தால்தான் பொதுவாகப் புதியது பொறுப்பேற்கும்.

விண்டோஸில் இன்னொரு பிரச்னையும் உண்டு. பயன்பாட்டில் இருக்கும் ஃபைலை மாற்ற முடியாது. அதனால் "அடுத்த முறை ஆன் ஆகும்போது மாற்றிக்கொள்" என்று குறித்து வைத்துவிட்டு ரீபூட் கேட்கும். மெஷினின் பெயரை மாற்றினாலும், அலுவலக நெட்வொர்க்கில் அதைச் சேர்த்தாலும் இதே கதைதான். உபுண்டு லினக்ஸ் ரீபூட் தேவைப்பட்டால் அதற்கென்றே ஒரு சின்ன ஃபைலை உருவாக்கி வைக்கும். அந்த ஃபைல் இருக்கிறதா என்று பார்த்து ஸ்கிரிப்ட் முடிவு எடுக்கலாம்.

ஆக, ரீபூட்டைத் தவிர்க்க முடியாது. ஆனால் ரீபூட் ஆன அந்த நொடியில் ஸ்கிரிப்ட்டும் செத்துவிடுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் எந்த புரோகிராமும் ராம் எனப்படும் தற்காலிக நினைவகத்தில்தான் இருக்கும். மெஷின் அணைந்தால் ராம் துடைத்துவிட்டதுபோல் ஆகிவிடும். பத்து வேலையில் நான்கை முடித்துவிட்டோம், அடுத்தது ஐந்தாவது என்ற விவரமும் அதோடு போய்விடும். மிஞ்சுவது டிஸ்க்கில் எழுதி வைத்தது மட்டும்.

கண்டக்டர் எழுதும் இன்வாய்ஸ்

தீர்வு என்ன என்பதைப் புரிந்துகொள்ள டவுன் பஸ்ஸில் பயணம் செய்தவர்களுக்குக் கஷ்டம் இருக்காது. ஒவ்வொரு ஸ்டேஜிலும் கண்டக்டர் எந்த டிக்கெட் எண் வரை கொடுத்திருக்கிறோம் என்பதை இன்வாய்ஸில் எழுதுவது வழக்கம். டிக்கெட் மெஷின் வந்த பிறகு அதே கணக்கை மெஷின் பார்த்துக்கொள்கிறது. நடுவழியில் கண்டக்டர் மாறினாலும் புதிதாக ஏறியவர் அந்தத் தாளைப் பார்த்து அங்கிருந்து தொடர்வார். முதல் ஸ்டேஜில் ஏறியவரிடம் மறுபடி டிக்கெட் கேட்க மாட்டார்.

ஸ்கிரிப்ட்டும் அதைத்தான் செய்ய வேண்டும். முழு வேலையையும் கட்டங்களாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் அதன் எண்ணை டிஸ்க்கில் ஒரு ஃபைலில் எழுத வேண்டும். மெஷின் திரும்ப ஆன் ஆனதும் ஸ்கிரிப்ட் முதல் வேலையாக அந்த ஃபைலைப் படித்து, நின்ற இடத்துக்கு அடுத்த கட்டத்தில் இருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கட்டம் முடிந்த பிறகுதான் எழுத வேண்டும், முன்கூட்டி எழுதக் கூடாது. "மூன்றாவது வேலை முடிந்தது" என்று முதலிலேயே எழுதிவிட்டு வேலையை ஆரம்பிக்கும்போது கரண்ட் போனால், அந்த வேலை நடக்காமலே விடுபட்டுப்போகும்.

இன்னொன்று, குறிப்பு எழுதும்போதே கரண்ட் போனால்? அந்த ஃபைலே பாதி எழுதிய நிலையில் கெட்டுப்போகலாம். அதனால் அனுபவம் உள்ளவர்கள் பழைய ஃபைலின் மேல் நேராக எழுத மாட்டார்கள். தனியாக ஒரு புது ஃபைலில் எழுதி, அது டிஸ்க்கில் பதிவானதை உறுதி செய்துகொண்டு, பிறகு பெயரை மாற்றி பழையதன் இடத்தில் வைப்பார்கள். இப்படிச் செய்தால் எந்த நொடியில் கரண்ட் போனாலும் பழைய குறிப்போ புதிய குறிப்போ ஏதாவது ஒன்று முழுசாக இருக்கும்.

சரி, ஸ்கிரிப்ட்டை யார் எழுப்புவது?

குறிப்பு மட்டும் இருந்தால் போதாது. மெஷின் ஆன் ஆனதும் அந்த ஸ்கிரிப்ட்டை மறுபடி ஓடவிட யாராவது வேண்டும். இதற்கு மூன்று பொதுவான வழிகள் இருக்கின்றன. கொல்லிமலை மாதிரி இடத்தில் எந்த வழி சரிப்படும் என்பது இங்கேதான் தெரியவரும்.

முதல் வழி, விண்டோஸில் உள்ள 'ரன் ஒன்ஸ்' பதிவு. அடுத்த முறை இதை ஒரே ஒரு தடவை ஓட்டு என்று குறித்து வைக்கலாம். எளிமையானது. ஆனால் யாராவது லாகின் செய்தால்தான் இது ஓடும். மலையில் பூட்டிய அறைக்குள் இருக்கும் மெஷினில் இரவு 2 மணிக்கு யார் லாகின் செய்வார்கள்? அது மட்டுமில்லை, இந்தப் பதிவு வழக்கமாக, கட்டளை ஓடத் தொடங்கும் முன்பே அழிக்கப்பட்டுவிடும். ஓடும்போது மறுபடி கரண்ட் போனால் மூன்றாவது முறை எழுப்ப எதுவும் மிஞ்சாது. கட்டளை முடிந்த பிறகு அழிக்கும்படி மாற்றி எழுதவும் வழி உண்டு. அது தெரிந்தவர் எழுதியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது வழி, மெஷின் ஆன் ஆனதுமே ஓடும் வேலையாகப் பதிவு செய்வது. விண்டோஸில் இதற்கு டாஸ்க் ஷெட்யூலர் இருக்கிறது. லினக்ஸில் சிஸ்டம்டி இருக்கிறது. இதற்கு லாகின் தேவையில்லை. வேலை எல்லாம் முடியும் வரை ஒவ்வொரு ரீபூட்டிலும் இது ஓடும். முடிந்ததும் ஸ்கிரிப்ட்டே தன் பதிவை நீக்கிவிட வேண்டும்.

மூன்றாவது வழி, வெளியே இருந்து ஒரு மெஷின் மேற்பார்வை செய்வது. ஆன்சிபிள் என்ற பிரபலமான கருவி இப்படித்தான் வேலை செய்கிறது. சென்னையில் உள்ள மெஷின் மலையில் உள்ள மெஷினுக்கு ரீபூட் கட்டளை அனுப்பும், அது திரும்ப வருகிறதா என்று காத்திருக்கும், வந்ததும் அடுத்த வேலையைத் தொடங்கும். காத்திருக்கும் நேரம் மாற்றாமல் விட்டால் 600 நொடிகள், அதாவது 10 நிமிடம்.

தரவு மையத்துக்குள் இது அருமையான வழி. மலையில்? மெஷின் இரண்டே நிமிடத்தில் எழுந்திருக்கும், ஆனால் நெட் இணைப்பு அரை மணி நேரம் கழித்து வந்தால் "தோல்வி" என்று பதிவாகிவிடும். நல்ல நிலையில் இருக்கும் மெஷின் பாதி செட்டப்பில் காத்துக்கிடக்கும். அதனால் இணைப்பு நிச்சயமில்லாத இடத்தில், வேலையின் ஞாபகம் அந்த மெஷினிலேயே இருப்பதுதான் பாதுகாப்பு. வெளியே இருப்பவர் மேற்பார்வை மட்டும் செய்யலாம்.

ஒரே வேலையை இரண்டு முறை செய்தால் என்ன ஆகும்?

வேலை முடிந்த பிறகுதான் குறிப்பு எழுத வேண்டும் என்று பார்த்தோம். அப்படியானால் வேலை முடிந்து, குறிப்பு எழுதுவதற்கு முன் கரண்ட் போனால்? மெஷின் திரும்ப வந்ததும் அதே வேலையை மறுபடி செய்யும். இதை முழுமையாகத் தவிர்க்க வழி கிடையாது. அதனால் இரண்டு முறை செய்தாலும் கெடுதல் வராத மாதிரி ஒவ்வொரு கட்டத்தையும் எழுத வேண்டும்.

சாம்பாரில் உப்பு போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்தால் நேராக ஒரு ஸ்பூன் போட மாட்டார்கள். ருசி பார்த்துவிட்டுப் போடுவார்கள். ஸ்கிரிப்ட்டும் அப்படித்தான் இருக்க வேண்டும். "பயனர் கணக்கை உருவாக்கு" என்று எழுதாமல், "இந்தக் கணக்கு இல்லை என்றால் உருவாக்கு" என்று எழுத வேண்டும். "அமைப்பு ஃபைலில் இந்த வரியைச் சேர்" என்று எழுதினால் இரண்டாவது முறையும் அதே வரி சேர்ந்து சேவையே எழாமல் போகலாம். "இந்த வரி ஒரு முறை இருக்கட்டும்" என்று எழுதினால் பத்து முறை ஓடினாலும் பிரச்னை இல்லை.

குறிப்பு எழுதுவதும், திரும்பச் செய்தாலும் கெடாமல் எழுதுவதும் சேர்ந்தால்தான் ஒரு ஸ்கிரிப்ட் எந்த இடத்தில் அறுந்தாலும் தொடர முடியும். ஒன்றை மட்டும் செய்துவிட்டு மற்றதை விட்டால், வழக்கமான நாட்களில் வித்தியாசம் தெரியாது. கரண்ட் போகும் நாளில் தெரியும்.

விமானங்களை நிறுத்திய ரீபூட்

தானாகத் தொடர்வதற்கு ஓர் ஆபத்தான முகமும் உண்டு. தவறு நடந்த இடத்துக்கே மெஷின் திரும்பத் திரும்பப் போவதுதான் அது.

2024 ஜூலை 19. இந்திய நேரப்படி காலை 9.39 மணிக்கு க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் ஒரு அப்டேட்டை அனுப்பியது. 21 தகவல்களை எதிர்பார்க்கும் பகுதிக்கு 20 மட்டும் கொடுக்கப்பட்டது. இல்லாத 21-வதைத் தேடிப்போன மென்பொருள், விண்டோஸையே சாய்த்துவிட்டது. அந்த மென்பொருள் மெஷின் ஆன் ஆகும் ஆரம்பக் கட்டத்திலேயே ஓடக்கூடியது. அதனால் ரீபூட் ஆன மெஷின் மறுபடி அதே ஃபைலைப் படித்தது, மறுபடி விழுந்தது, மறுபடி ரீபூட் ஆனது.

காலை 10.57-க்கு, அதாவது 78 நிமிடத்தில், நிறுவனம் தவறைத் திருத்திவிட்டது. ஆனால் மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி அதற்குள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் பாதிக்கப்பட்டிருந்தன. திருத்தம் இணையத்தில் தயாராக இருந்தும், அதை வாங்கிக்கொள்ளும் அளவுக்கு மெஷின் எழுந்து நிற்கவில்லை. பல இடங்களில் ஆட்கள் ஒவ்வொரு மெஷினாகப் போய் சேஃப் மோடில் திறந்து அந்த ஒரு ஃபைலை அழித்தார்கள். டிஸ்க் பூட்டப்பட்டிருந்த மெஷின்களில் முதலில் 48 இலக்க மீட்பு எண்ணைத் தேட வேண்டியிருந்தது. கிளவுடில் இருந்த சில மெஷின்கள் 15 முறை வரை ரீபூட் செய்த பிறகு சரியானதாக வாடிக்கையாளர்கள் சொன்னதை மைக்ரோசாஃப்ட்டே வெளியிட்டது.

இந்தியாவில் சென்னை உட்பட பல விமான நிலையங்களில் செக்-இன் தடுமாறியது. சில இடங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்த படங்கள் பரவின. 10 வங்கிகள் மற்றும் வங்கி சாரா நிதி நிறுவனங்களில் மட்டும் சிறிய பாதிப்பு ஏற்பட்டதாக ரிசர்வ் வங்கி சொன்னது. உலக அளவில் ஏறக்குறைய எல்லா மெஷின்களும் சரியாக சுமார் 10 நாட்கள் ஆனது.

திருத்துவதற்கு 78 நிமிடம், மெஷின்களை எழுப்ப 10 நாள். இந்த இடைவெளியில் பெரும்பகுதி ஆள் நேரில் போக வேண்டியிருந்ததால் வந்தது. விமான நிலையத்தில் ஆள் இருந்தார். மலை உச்சியில் இருக்கும் மெஷினுக்கு அந்த வசதி கிடையாது.

இதன் பிறகு மைக்ரோசாஃப்ட் 'குயிக் மெஷின் ரெகவரி' என்ற வசதியை 2024 நவம்பரில் அறிவித்து, விண்டோஸ் 11-ல் கொண்டுவந்தது. மெஷின் எழ முடியாமல் தவித்தால், மீட்புப் பகுதிக்குள் போய், நெட் வழியாகத் திருத்தத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். நல்ல முன்னேற்றம். ஆனால் அந்த நேரத்தில் நெட் இருந்தால்தான் அது உதவும்.

ஆள் போகவே முடியாத இடத்தில் என்ன செய்தார்கள்?

இதைவிடத் தொலைவில் இருந்த ஒரு கம்ப்யூட்டரின் கதையும் இங்கே உதவும். நாசாவின் ஸ்பிரிட் ரோவர் 2004 ஜனவரியில் செவ்வாயில் இறங்கியது. சில வாரங்களுக்குள், ஜனவரி 21-ம் தேதி, தொடர்பு சீர்கெட்டது. அதன் ஃப்ளாஷ் நினைவகத்தைக் கையாளும் மென்பொருளில் சிக்கல். ஆன் ஆகும் ஒவ்வொரு முறையும் அந்த நினைவகத்தைத் திறக்க முயன்று விழுந்து, ரோவர் 60 முறைக்கு மேல் ரீபூட் ஆனது.

அதைக் காப்பாற்றியது முன்யோசனையோடு வைக்கப்பட்டிருந்த இன்னொரு வழி. ஃப்ளாஷ் நினைவகத்தைத் தொடாமலே ஆன் ஆகும்படி பூமியில் இருந்து கட்டளை அனுப்ப முடிந்தது. எழுந்த பிறகு சிக்கலைக் கண்டுபிடித்து, நினைவகத்தைச் சுத்தம் செய்து, ரோவரைத் திரும்ப வேலைக்கு அனுப்பினார்கள். அதன் பிறகும் அது ஆண்டுக்கணக்கில் வேலை செய்தது.

பாடம் இதுதான். தொடர முடியாத நிலை வந்தால் பழைய நல்ல நிலைக்குத் திரும்ப ஒரு வழி இருக்க வேண்டும். ஸ்கிரிப்ட்டில் அதற்கு ஓர் எண்ணிக்கை போதும். ஒரே கட்டத்தை மூன்று முறை முயன்றும் முடியவில்லை என்றால் நிறுத்திவிடு, பழைய நிலையில் சேவையை ஓட்டு, மேலிடத்துக்குத் தகவல் சொல். நம் கையில் இருக்கும் பல ஆண்ட்ராய்டு போன்களில் இந்த முறை இருக்கிறது. 2016-ல் வந்த ஆண்ட்ராய்டு 7-ல் இருந்து, அப்டேட்டை இன்னொரு தனிப் பகுதியில் நிறுவி, புதியது எழவில்லை என்றால் பழையதற்கே திரும்பும் வசதி கொடுக்கப்பட்டது.

தொடர்வதா, தூக்கிப்போட்டு புதிதாக ஆரம்பிப்பதா?

இந்தத் துறையில் எல்லோரும் ஒரே கருத்தில் இல்லை. "பாதியில் நின்ற மெஷினை ஏன் கஷ்டப்பட்டுத் தொடர வேண்டும்? அதை அழித்துவிட்டு, எல்லாம் நிறுவி முடித்த தயார் பிரதியில் இருந்து புதிதாக ஒன்றைப் போட்டுவிடலாமே" என்பது இன்னொரு தரப்பு. பெரிய தரவு மையத்தில் இந்த வாதம் சரிதான். அங்கே புது மெஷின் என்பது சில நிமிட வேலை. பாதி செட்டப் ஆன மெஷினுக்குள் என்ன மிச்சம் இருக்கிறது என்று ஆராய்வதைவிட அது எளிது.

மலையில் கணக்கு மாறுகிறது. தயார் பிரதி பல ஜிபி அளவில் இருக்கும். இணைப்பு மெதுவாக இருந்தால் அதை இறக்கி முடிப்பதற்குள் இன்னொரு கரண்ட் கட் வந்துவிடலாம். இறக்கும் வேலையும் பாதியில் நின்றால் தொடர வேண்டும் இல்லையா? ஆக, எந்த வழியில் போனாலும், எங்கே விட்டோம் என்ற கேள்வி திரும்ப வந்து நிற்கிறது.

சுவரில் ஒட்டிய பாஸ்வேர்டு

அவசரத்தில் செய்யப்படும் ஒரு தவறையும் சொல்லியாக வேண்டும். லாகின் செய்தால்தான் ஸ்கிரிப்ட் தொடரும் என்ற நிலையில், சிலர் மெஷினைத் தானாக லாகின் ஆகும்படி வைப்பார்கள். அதற்காக நிர்வாகியின் பாஸ்வேர்டை விண்டோஸ் பதிவேட்டில் எழுதினால், அது மறைக்கப்படாமல் அப்படியே படிக்கக்கூடிய எழுத்தாக இருக்கும். செட்டப் முடிந்ததும் அதை அழிக்க வேண்டும். ஸ்கிரிப்ட் கடைசிக் கட்டத்துக்கு வராமலே நின்றுவிட்டால் அழிப்பதும் நடக்காது. பொதுமக்கள் வந்துபோகும் இடத்தில், ஆன் செய்தாலே நிர்வாகியாகத் திறக்கும் மெஷின் ஒன்று இருக்கும். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் விண்ணப்பங்கள் கையாளப்படும் மெஷினுக்கு இது விளையாட்டு விஷயம் அல்ல.

டெண்டரில் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

மெஷின் வாங்கும்போது ராம் எவ்வளவு, டிஸ்க் எவ்வளவு, வாரன்டி எத்தனை வருடம் என்று கேட்பது வழக்கம். மலை, தீவு, வனக் கிராமம் மாதிரி இடங்களுக்கு வாங்கும்போது இவற்றையும் சேர்த்துக் கேட்கலாம்.

1. செட்டப் நடுவில் பிளக்கைப் பிடுங்கினால் தானாகத் தொடருமா? இதைப் பேச்சில் நம்ப வேண்டியதில்லை. ஒப்படைக்கும் நாளில் நிஜமாகவே பிடுங்கிப் பார்க்கலாம். ஒரு முறை இல்லை, வெவ்வேறு கட்டங்களில்.

2. கரண்ட் திரும்ப வந்ததும் மெஷின் தானாக ஆன் ஆகுமா? பல கம்ப்யூட்டர்களில் இதற்கான அமைப்பு பயாஸில் இருக்கும், ஆனால் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். அதை மாற்றாமல் விட்டால் எவ்வளவு நல்ல ஸ்கிரிப்ட்டாக இருந்தாலும் பயன் இல்லை. யாராவது வந்து பட்டனை அழுத்த வேண்டும்.

3. யுபிஎஸ் மெஷினோடு பேசுமா? பேட்டரி தீரப்போகிறது என்று யுஎஸ்பி கேபிள் வழியாகச் சொல்லி, மெஷினை ஒழுங்காக அணையவைக்கும் யுபிஎஸ்கள் உண்டு. பல இடங்களில் அந்த கேபிள் டப்பாவிலேயே கிடக்கும்.

4. எத்தனை முறை முயன்ற பிறகு நிறுத்தும்? நின்றால் என்ன நிலையில் நிற்கும்? சேவை பழைய பதிப்பிலாவது ஓட வேண்டும்.

5. என்ன நடந்தது என்ற பதிவு மெஷினிலேயே இருக்குமா? நெட் வந்ததும் மாவட்டத் தலைமையிடத்துக்குப் போகுமா? சர்வர் வகை மெஷின்களில், மெயின் கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் தூரத்தில் இருந்து ஆன் செய்து பார்க்க உதவும் தனிச் சின்ன கம்ப்யூட்டர் ஒன்று உள்ளேயே இருக்கும். அதை இணைத்திருக்கிறார்களா என்பதையும் பார்த்துக்கொள்ளலாம்.

இவற்றில் பெரும்பாலானவை கூடுதல் செலவு வைப்பவை அல்ல. எழுதும்போது கொஞ்சம் கூடுதல் கவனம், ஒப்படைக்கும்போது ஒரு சோதனை.

இதனால் யாருக்கு லாபம்?

கொல்லிமலையில் வசிப்பவர்களில் பெரும்பான்மையானவர்கள் மலையாளி பழங்குடி மக்கள். மிளகு, காபி, அன்னாசி, சிறுதானியம் என விவசாயமும் கூலி வேலையும்தான் வாழ்க்கை. பள்ளி, கல்லூரி சேர்க்கை நேரத்தில் சான்றிதழுக்காகக் குக்கிராமத்தில் இருந்து செம்மேட்டுக்கு வரும் ஒருவருக்கு "நாளைக்கு வாங்க" என்பது இரண்டு நாள் கூலி, இரண்டு முறை பஸ் கட்டணம். சில நேரம் விண்ணப்பத்தின் கடைசித் தேதியும் கையைவிட்டுப் போகும்.

இ-சேவை கவுன்ட்டரில் இருப்பது பெரும்பாலும் சாதாரண கம்ப்யூட்டர்தான், விண்ணப்பங்களைக் கையாளும் சர்வர் வேறு ஊரில் இருக்கும். எனவே ஒவ்வொரு "சர்வர் டவுன்" பதிலுக்கும் பாதியில் நின்ற ஸ்கிரிப்ட் காரணம் என்று சொல்லிவிட முடியாது. கேபிளும் கரண்டும் தனிப் பிரச்னைகள், அவற்றுக்குத் தனித் தீர்வுகள் வேண்டும். ஆனால் கேபிள் சரியாகி, கரண்டும் வந்த பிறகும் மெஷின் எழாமல் கிடந்தால், அந்தத் தாமதம் தவிர்த்திருக்கக்கூடியது.

சேவைகள் எல்லாம் ஆன்லைனுக்குப் போகும்போது, தூரத்தில் இருப்பவர்களுக்கு அலைச்சல் குறைய வேண்டும் என்பதுதான் நோக்கம். மெஷின் எத்தனை முறை அணைந்தாலும் வேலையை விட்ட இடத்தில் இருந்து எடுத்துக்கொண்டால், டெக்னீஷியனும் வளைவுகளில் ஏற வேண்டியதில்லை, மலையில் இருப்பவரும் மறுநாள் வர வேண்டியதில்லை. அந்த உறுதி மெஷினோடு தானாக வந்துவிடாது. வாங்குபவர்கள் கேட்டால்தான் வரும்.